திரையில்லாத சர்வரில் திரையைத் தேடி நிற்கும் கட்டளைகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திரையில் எதையும் காட்ட வேண்டிய தேவையே இல்லாத ஒரு கட்டளை, திரையைத் திறக்க முடியவில்லை என்று அறிவித்துவிட்டுப் பாதியில் நின்றுபோவது, லினக்ஸ் சர்வரில் புதிதாக வேலை தொடங்குபவர்களைப் பெரிதும் குழப்பும் பிழைகளுள் ஒன்று. சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளுடைய மறுவிற்பனை விலைகளின் பொதுத் தரவை எடுத்து, தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், பொங்கோல் என நகரவாரியாக வரைபடம் வரைந்து, அதைப் படக்கோப்பாகச் சேமிக்கும் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டு மடிக்கணினியில் அது தடையின்றி ஓடும். அதே நிரலைச் சிங்கப்பூர் வட்டாரத்தில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வருக்கோ, ஒன்-நார்த்தில் உள்ள தேசிய மீக்கணினி மையத்தைப் போன்ற பொதுக் கணினி வளத்துக்கோ கொண்டுபோனால், “கேனாட் ஓபன் டிஸ்ப்ளே” என்ற ஒரு வரியோடு நின்றுவிடக்கூடும். நிரலில் தவறு இருப்பதாக எண்ணி அதையே திருப்பித் திருப்பிப் படிப்பவர்கள் பலர். பெரும்பாலும் தவறு நிரலில் இருப்பதில்லை.

பலதொழில் கல்லூரி மாணவர்களையும், வேலை மாற்றத்துக்காக ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வகுப்புகளில் சேர்ந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலை முதன்முறையாகத் திறப்பவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. கட்டளைகளும் பிழைச் செய்திகளும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். இங்கே வரும் சூழல் மாறிகளின், அதாவது நிரல்கள் ஓடும்போது படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்புகளின், பெயர்கள் அனைத்தும் பெரிய எழுத்துகளிலேயே அமையும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்ளே என்ற முகவரி

லினக்ஸில் சாளரங்களை வரையும் பழைய அமைப்பின் பெயர் எக்ஸ். அது 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கப்பட்டது. இன்றும் புழக்கத்தில் உள்ள அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. ஒரு கணினியில் ஓடும் நிரல், வலையமைப்பின் வழியாக வேறொரு கணினியின் திரையில் சாளரத்தைத் திறக்கலாம் என்பதே அதன் அடிப்படை எண்ணம். எனவே எந்த நிரலும் சாளரத்தை வரைவதற்கு முன், எந்தத் திரையில் வரைவது என்று கேட்டாக வேண்டும். அந்த விடை டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியில் இருக்கிறது. அதன் மதிப்பை ஒரு வீவக முகவரியைப் போல வாசிக்கலாம்: முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது புளோக், அதாவது கணினியின் பெயர், பின்னால் இருப்பது வீட்டு எண், அதாவது அந்தக் கணினியின் எத்தனையாவது திரை என்பது.

புதியவர்களுக்கு இதில் ஒரு தலைகீழ்த்தன்மை உண்டு. எக்ஸ் சர்வர் எனப்படுவது தொலைவில் உள்ள பெரிய கணினியில் இருப்பதன்று. திரையும் விசைப்பலகையும் எங்கே இருக்கின்றனவோ அங்கே, அதாவது உங்கள் மடியில் இருக்கும் கணினியில் ஓடுவதே எக்ஸ் சர்வர். தரவு மையத்தின் அடுக்கில் உள்ள இயந்திரத்துக்குத் திரையே கிடையாது. அங்கே ஓடும் நிரல் எக்ஸ் சர்வரின் வாடிக்கையாளர் மட்டுமே.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

பிழை வந்த அதே டெர்மினலில் பின்வரும் வரியை இடுங்கள்.

எக்கோ $டிஸ்ப்ளே

வெற்று வரி வந்தால், மாறிக்கு மதிப்பே இல்லை. தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக நுழைந்த சர்வரில் இது முற்றிலும் இயல்பானது. :0 அல்லது :1 என்று வந்தால், அந்தக் கணினியிலேயே இணைக்கப்பட்ட திரை ஒன்றைச் சுட்டுகிறது. லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று வந்தால், எஸ்எஸ்எச் உங்கள் மடிக்கணினித் திரைக்கு ஒரு சுரங்கவழி அமைத்திருக்கிறது என்று பொருள். எஸ்எஸ்எச் இந்த எண்ணை வழக்கமாகப் பத்திலிருந்து தொடங்கும்.

அடுத்து, பிழை தந்த கட்டளையை மதிப்பு நீக்கிய நிலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

என்வி -யு டிஸ்ப்ளே பைத்தான்3 விலை.பிஒய்

இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். மதிப்பு இல்லாதபோது ஓடி, மதிப்பு இருக்கும்போது நிற்கும் நிரல்கள் ஏராளம். மதிப்பு இல்லையென்றால் பல நிரல்கள் தாமாகவே திரையற்ற முறைக்கு மாறிக்கொள்ளும். தவறான மதிப்பு இருந்தாலோ, அதை நம்பி இல்லாத கதவைத் தட்டி விழுந்துவிடும். ஜாவா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: லினக்ஸில் டிஸ்ப்ளே அமைக்கப்படாவிட்டால் ஜாவா தன்னைத் திரையற்ற முறையில் வைத்துக்கொள்ளும், செல்லாத முகவரி இருந்தாலோ, இன்ன முகவரியில் உள்ள எக்ஸ்11 சாளர சர்வரை அடைய முடியவில்லை என்று முறையிடும்.

ஆகவே, இணையத்தில் எங்கு தேடினாலும் முதலில் கிடைக்கும் ‘எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=:0’ என்ற மருந்தை எடுத்த எடுப்பில் விழுங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அதே இயந்திரத்தின் மேசைத்திரையில் உங்கள் பயனர் பெயரிலேயே ஒருவர் உள்நுழைந்திருந்து, அந்தத் திரையில்தான் சாளரம் தோன்ற வேண்டும் என்ற நிலையில் மட்டுமே அது பொருந்தும். மற்ற இடங்களில் அது ஒரு பிழைச் செய்தியை வேறொரு பிழைச் செய்தியாக மாற்றித் தருவதோடு சரி.

சாளரம் உண்மையிலேயே வேண்டுமா

வரைபடத்தைக் கோப்பாகச் சேமிப்பது, பிடிஎஃப் உருவாக்குவது, படத்தின் அளவைக் குறைப்பது ஆகியவற்றுக்குச் சாளரம் தேவையில்லை. அப்படிப்பட்ட வேலைகளில், திரையைத் தேட வேண்டாம் என்று நிரலிடம் சொல்லிவிடுவதே சரியான தீர்வு. எப்படிச் சொல்வது என்பதுதான் நிரலுக்கு நிரல் வேறுபடுகிறது.

பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகத்தில், படம் வரையும் முறை எதையும் நீங்கள் குறிப்பிடாமல் விட்டால், திரை இல்லாத இடத்தில் அது கோப்புக்கு மட்டும் வரையும் ஏஜிஜி என்ற முறைக்குத் தானாகவே இறங்கிவிடும்; 2018இல் வந்த 3.0 பதிப்பு முதல் இந்த வசதி உள்ளது. ஆயினும் நிரலின் தொடக்கத்தில் எவரோ சாளரம் திறக்கும் முறையான டிகேஏஜிஜி என்று வலிந்து எழுதியிருந்தால் அது பயன்படாது; அந்த வரியை நீக்குங்கள். பிறகு கட்டளைக்கு முன்னால் எம்பிஎல்பேக்எண்ட்=ஏஜிஜி என்று சேர்த்து ஓட்டுங்கள். நிரலில் ‘ஷோ’ என்ற அழைப்பு இருந்தால் அதையும் ‘சேவ்ஃபிக்’ என்று மாற்ற வேண்டும். இல்லையேல் நிரல் பிழையின்றி முடிந்தாலும் படம் எங்கும் கிடைக்காது.

சாளரங்களை உருவாக்க உதவும் க்யூடி நூலகத்தைச் சார்ந்த கருவிகள், எக்ஸ்சிபி என்ற செருகுநிரலை ஏற்ற முடியவில்லை என்று நீண்ட செய்தி ஒன்றைக் கொட்டும். புதியவர்கள் அதைக் கண்டு விடுபட்ட நூலகங்களை ஒவ்வொன்றாக நிறுவத் தொடங்கிவிடுகிறார்கள்; சில வேளைகளில் அதுவே காரணம் என்றாலும், அதற்கு முன் க்யூடி_க்யூபிஏ_பிளாட்ஃபார்ம்=ஆஃப்ஸ்கிரீன் என்று அமைத்துப் பார்ப்பது எளிது. ஜாவாவுக்கு -டிஜாவா.ஏடபிள்யூடி.ஹெட்லெஸ்=ட்ரூ என்ற குறிப்பைக் கட்டளையில் சேர்க்க வேண்டும். ஆர் மொழியில் படக்கோப்பு உருவாக மறுத்தால், பிட்மேப்டைப் என்ற விருப்பத்தைக் கெய்ரோ என்று அமைப்பது போதும். படங்களை ஆராயும் ஓபன்சிவி நூலகத்தைச் சர்வரில் பயன்படுத்துவோர், பெயரின் முடிவில் ஹெட்லெஸ் என்று வரும் தொகுப்பை நிறுவ வேண்டும். பழைய தொகுப்பை முதலில் நீக்கிவிடுங்கள், ஏனெனில் இரண்டும் ஒரே பெயரில் ஏற்றப்படுவதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

கடவுச்சொல் கேட்கப்போய்த் திரையைத் தேடுபவை

இந்த வகை சற்று வேறுபட்டது. பிழைச் செய்தியை வைத்து ஊகிப்பதும் கடினம். நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட், மறைகுறியாக்கவும் கையொப்பமிடவும் உதவும் ஜிபிஜி, நிரல்களைத் தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கர் போன்ற கருவிகள் தாமாக எதையும் வரைவதில்லை. ஆனால் கடவுச்சொல் தேவைப்படும்போது அவை வேறொரு சிறு நிரலை உதவிக்கு அழைக்கின்றன. அந்தச் சிறு நிரல்தான் சாளரம் திறக்க முயன்று தோற்கிறது.

கிட்டில் மாற்றங்களை அனுப்பும் ‘புஷ்’ செய்யும்போது, சாளர நூலகமான ஜிடிகேயின் எச்சரிக்கையும் அதைத் தொடர்ந்து ‘ஆஸ்க்பாஸ்’ என்ற சொல் இடம்பெறும் வரியும் வந்தால், எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸ் என்ற மாறி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ரெட் ஹாட் வழிவந்த சில சர்வர்களில் இதை நிர்வாகிகள் நிறுவிய ஒரு தொகுப்பே அனைவருக்கும் அமைத்துவிடும். தீர்வு ஒரு வரிதான்.

அன்செட் எஸ்எஸ்எச்_ஆஸ்க்பாஸ்

இதன் பிறகு கிட் டெர்மினலிலேயே கடவுச்சொல்லைக் கேட்கும். நிலையாக வேண்டுமானால் இவ்வரியை, டெர்மினல் திறக்கும்போது தானாக ஓடும் உங்கள் பாஷ்ஆர்சி கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜிபிஜி கையொப்பமிடும்போது ‘பின்என்ட்ரி’ என்ற துணை நிரலை அழைக்கும். டிஸ்ப்ளே மதிப்பு இருந்தால் அது சாளரத்தில் கேட்க முற்படும். ஆய்வகத்தின் மேசைக் கணினி ஒன்றுக்கு வீட்டிலிருந்து நுழைந்து வேலை செய்பவரின் கடவுச்சொல் சாளரம், ஜூரோங்கிலோ கென்ட் ரிட்ஜிலோ ஆளில்லாத அறையில் உள்ள திரையில் தோன்றிக் காத்திருக்க, இங்கே கட்டளை அசையாமல் நிற்பது இதனால் நிகழ்வதே. ஜிபிஜி_டிடிஒய் என்ற மாறியில் ‘டிடிஒய்’ கட்டளையின் விடையை இட்டு, ஜிபிஜி-ஏஜென்ட் அமைப்புக் கோப்பில் பின்என்ட்ரி-கர்சஸ் என்ற நிரலின் முழுப் பாதையைக் குறிப்பிட்டு, பழைய ஏஜென்ட்டை நிறுத்திவிட்டால், கேள்வி டெர்மினலுக்கே வரும்.

டாக்கரில் ‘லாகின்’ செய்யும்போது, எக்ஸ்11 டிஸ்ப்ளே இல்லாமல் டி-பஸ்ஸைத் (மேசைத்திரை நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) தொடங்க முடியவில்லை என்ற பொருளில் செய்தி வந்தால், கடவுச்சொற்களை மேசைத்திரைப் பெட்டகத்தில் வைக்கும் துணை நிரல் சர்வரில் நிறுவப்பட்டிருக்கிறது. அதை நீக்கலாம், ஆனால் நீக்கினால் உங்கள் நுழைவு விவரம் மறைகுறியாக்கம் இன்றி ஒரு கோப்பில் எழுதப்படும் என்பதால், பலர் பயன்படுத்தும் சர்வரில் அதற்குப் பதிலாகக் கடவுச்சொற்களை மறைகுறியாக்கி வைக்கும் ‘பாஸ்’ என்ற கருவியை நிறுவி அதை டாக்கருக்குச் சுட்டிக்காட்டுவது பாதுகாப்பானது. பைத்தான் தொகுப்புகளை நிர்வகிக்கும் போயட்ரி கருவி எந்தச் செய்தியும் தராமல் தொங்கி நின்றாலும் இதே பெட்டகத்தைச் சந்தேகிக்கலாம்.

சாளரம் வேண்டும் என்றால்

சில வேளைகளில் சர்வரில் ஓடும் நிரலின் சாளரத்தை உங்கள் திரையில் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு மூன்று இடங்களில் ஏற்பாடு சரியாக இருக்க வேண்டும்: உங்கள் கணினியில் எக்ஸ் சர்வர், இடையில் எஸ்எஸ்எச் இணைப்பு, தொலைவில் உள்ள சர்வரின் அனுமதி.

உங்கள் கணினியிலிருந்து தொடங்குங்கள். மேக்கில் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டும். ஆப்பிள் 2012 முதல் எக்ஸை உடன் தருவதில்லை. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையாவிட்டால் டிஸ்ப்ளே மதிப்பு கிடைக்காது. விண்டோஸில் மொபாஎக்ஸ்டெர்ம் பயன்படுத்துவோருக்கு எக்ஸ் சர்வர் அதிலேயே அடங்கியுள்ளது. விண்டோஸ் 11இன் லினக்ஸ் துணையமைப்பில் இது தானாகவே அமைந்துவிடும். இங்கே ஒரு பழைய வினை இருக்கிறது: அந்த வசதி வருவதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பின்பற்றி, விண்டோஸின் ஐபி முகவரியை டிஸ்ப்ளேயில் இடும் வரி ஒன்றைப் பலர் பாஷ்ஆர்சியில் எழுதி வைத்திருப்பார்கள், அது புதிய, சரியான மதிப்பை அழித்துவிடும். அந்த வரியை நீக்குவதே போதுமான மருந்து. சர்வரில் உள்ள பாஷ்ஆர்சியிலும் டிஸ்ப்ளேயை அமைக்கும் வரி எதுவும் இருக்கக் கூடாது. எஸ்எஸ்எச் தரும் மதிப்பை அது மேலெழுதிவிடும்.

பிறகு, எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் சேர்த்து இணையுங்கள்.

எஸ்எஸ்எச் -எக்ஸ் பயனர்@சர்வர்

சிறிய எழுத்தில் இட்டால் அது சாளர வழியை மூடிவிடும் என்பதால் இதில் கவனம் தேவை. உள்ளே நுழைந்ததும் எக்கோ சோதனையைச் செய்யுங்கள். லோக்கல்ஹோஸ்ட்:10.0 போன்ற விடை வந்தால் ‘எக்ஸ்ஐஸ்’ என்ற சிறு நிரலை ஓட்டிப் பாருங்கள். இரு கண்கள் தோன்றினால் வழி திறந்துள்ளது. வெற்று விடை வந்தால், சர்வரின் எஸ்எஸ்எச்டி அமைப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் மூடப்பட்டிருக்கலாம், அல்லது அங்கே திரைக்கான அனுமதிச் சாவிகளைக் கையாளும் ‘எக்ஸ்ஆத்’ என்ற நிரல் நிறுவப்படாமல் இருக்கலாம். இரண்டும் நிர்வாகியின் கையில் உள்ளவை.

எக்ஸ்ஆத் பூட்டைப் பெற முடியவில்லை என்ற செய்தி வந்தால், உங்கள் முகப்புக் கோப்புறையின் இட ஒதுக்கீடு நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஓர் இரகசியச் சாவி எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பில் எழுதப்படுகிறது. எழுத இடமில்லாவிட்டால் சாளரமும் இல்லை. மாணவர் கணக்குகளில் இது அடிக்கடி நிகழ்வதுண்டு, ஆனால் எவரும் முதலில் இதை நினைப்பதில்லை.

தொடக்கத்தில் ஓடிய சாளரங்கள் இருபது நிமிடம் கழிந்தபின் திறக்க மறுத்தால், அது எஸ்எஸ்எச் இயல்பாக வைத்திருக்கும் காலவரம்பு. நீங்கள் முழுமையாக நம்பும் சர்வராக இருந்தால் பெரிய எழுத்து ஒய் குறிப்பைப் பயன்படுத்தலாம். பலர் கூடும் பொதுச் சர்வரில் அதைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் குறிப்பு, சர்வரில் உள்ள நிரலுக்கு உங்கள் திரையையும் விசை அழுத்தங்களையும் பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ என்ற கட்டளையைப் பரிந்துரைக்கும் வழிகாட்டி எதுவாயினும் அதைப் பின்பற்ற வேண்டாம். அது உங்கள் திரையின் அனுமதிக் கட்டுப்பாட்டையே நீக்கிவிடும்.

இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் அமர்வைத் தொடர்ந்து வைத்திருக்கும் டீமக்ஸில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் தொடங்கிய அமர்வில் டிஸ்ப்ளே மதிப்பு 10 என்று இருக்கும். மாலையில் மீண்டும் இணையும்போது எஸ்எஸ்எச் 11 என்று தரலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் பகுதிகள் பழைய மதிப்பையே பற்றிக்கொண்டிருக்கும். இதற்குள் பத்தாம் எண் வேறொரு பயனருக்குப் போயிருந்தால், அனுமதி தவறு என்ற செய்தி வரும். டீமக்ஸில் புதிய சாளரம் ஒன்றைத் திறந்தால் அது புதிய மதிப்பை எடுத்துக்கொள்ளும்.

திரை இருப்பதாகப் பாவிக்கும் வழி

சாளரம் யாருக்கும் தேவையில்லை, ஆனால் நிரலோ திரையின்றித் தொடங்கவே மறுக்கிறது, அதை அணைக்கும் விருப்பமும் இல்லை என்ற நிலையில், எக்ஸ்விஎஃப்பி உதவும். நினைவகத்தில் மட்டுமே இருக்கும் ஒரு போலித் திரையை அது உருவாக்கும்.

எக்ஸ்விஎஃப்பி-ரன் -ஏ பழையநிரல்

இங்குள்ள ஏ சிறிய எழுத்து. பயன்படாத திரை எண்ணைத் தானே தேடிக்கொள்ளும்படி அது சொல்கிறது. இக்குறிப்பு இல்லாமல் இருவர் ஒரே சர்வரில் ஓட்டினால் எண் மோதும். பழைய பதிப்புகளில் போலித் திரை மிகச் சிறியதாக இருப்பதால், பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடுவதைத் தவிர்க்கத் திரையளவையும் குறிப்பிடுவது நல்லது. இது வசதியான வழிதான், ஆனால் இதை முதல் மருந்தாக எடுப்பது, எளிய அமைப்பு ஒன்றால் தீரும் சிக்கலுக்கு மேல் இன்னொரு நிரலைச் சுமத்துவதாகும்.

இரவில் தானாக ஓடும் வேலைகள்

பகலில் கையால் ஓட்டும்போது சரியாக வேலை செய்த நிரல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான் வழியாக இரவில் ஓடும்போது நிற்பதற்குக் காரணம், கிரான் உங்கள் சூழல் மாறிகளைப் பெறுவதில்லை என்பதே. எம்பிஎல்பேக்எண்ட் போன்ற மதிப்புகளைக் கிரான் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.

மீக்கணினி வரிசைகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே வேலைகளை வரிசையில் இட்டு ஓட்டும் மென்பொருள்களுள் பிபிஎஸ்ஸில் பெரிய எழுத்து வி குறிப்புடன் வேலையை அனுப்பினால் உங்கள் சூழல் முழுவதும் கூடவே செல்லும். மற்றொன்றான ஸ்லர்மில் அதுவே இயல்பான நடைமுறை. நுழைவுக் கணினிக்கு மட்டுமே பொருந்திய லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்ற முகவரி, அந்த முகவரியில் எந்தத் திரையும் இல்லாத கணிப்புக் கணினிக்குப் போய்ச் சேரும். வேலைக் கோப்பின் முதல் வரிகளில் ‘அன்செட் டிஸ்ப்ளே’ என்று எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டால் இத்தொல்லை எழாது. கணிப்புக் கணினியில் சாளரம் வேண்டுமென்றால், பிபிஎஸ்ஸின் ஊடாட்ட வேலையில் பெரிய எழுத்து ஐ குறிப்புடன் பெரிய எழுத்து எக்ஸ் குறிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் சிக்கல் தீராவிட்டால் நிர்வாகிக்கு எழுதுங்கள். ‘டிஸ்ப்ளே வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால், பதிலாகக் கேள்விகளே திரும்பி வரும். நீங்கள் இட்ட முழுக் கட்டளை, வெட்டாத பிழைச் செய்தி, எக்கோ தந்த விடை, மதிப்பை நீக்கி ஓட்டியபோது நடந்தது, எஸ்எஸ்எச்சைச் சிறிய எழுத்து வி குறிப்புடன் இயக்கியபோது எக்ஸ்11 என்ற சொல் இடம்பெற்ற வரிகள், உங்கள் கணினியின் இயங்குதளம் ஆகியவற்றை எழுத்துவடிவில் ஒட்டி அனுப்புங்கள்; திரைப்பிடிப்புப் படத்திலிருந்து அவர்களால் எதையும் நகலெடுத்துத் தேட முடியாது.